அண்ணாச்சி வாங்கிய கட்டில்

அண்ணாச்சி, திருச்செந்தூரில் நீங்கள் கட்டியிருக்கும் புது ஓட்டலைப் பற்றி ஊரே நல்லவிதமாகப் பேசுகிறது. கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும். உள்ளே போட்டிருக்கும் சாமான்களைப் பற்றி உங்களிடம் நேராகச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. கட்டில், மெத்தை, அலமாரி, சோபா, டீப்பாய், சாப்பாட்டு நாற்காலி என்று ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்து எடுத்தீர்களாம். அதற்காகச் சீனாவில் ஃபோஷான் நகரம் வரைக்கும் போய், அங்கே கடைகடையாகக் கால் கடுக்க நடந்து, கண்டெய்னர் பிடித்துத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறீர்கள். ஒரு நாற்காலிக்காக இத்தனை தூரம் அலைகிற மனுஷரை நான் வேறெங்கும் கண்டதில்லை. திருநெல்வேலிச் சீமையில் தச்சாசாரி இல்லாத ஊர் கிடையாது. அவர்களில் ஒருவரைக்கூட நீங்கள் சிரமப்படுத்தவில்லை.

வரவேற்புக் கூடத்துச் சோபாவிலிருந்து தொடங்குகிறேன். பால் வெள்ளைத் துணி. கை வைத்தால் மணிக்கட்டு வரை அமிழ்கிற மெத்து. உட்காரும் இடம் தரையிலிருந்து 14 அங்குலம் இருக்கும். வழக்கமான நாற்காலி 17, 18 அங்குலம் இருக்கும். முழங்கால் சரியாக மடங்கிப் பாதம் தரையில் பதிய அந்த உயரம்தான் தோது. நீங்கள் அதில் மூன்று நான்கு அங்குலத்தைக் குறைத்து, ஆழத்தைக் கூட்டி வாங்கியிருக்கிறீர்கள். தாழ்ந்த சாமான் போட்டால் கூரை உயர்ந்து தெரியும், கூடம் விரிந்து தெரியும். படத்தில் பார்த்தேன், அப்படித்தான் தெரிகிறது. தைப்பூசத்துக்கு நடந்து வந்தவர்கள் பாதத்தில் கொப்புளத்தோடு அந்தக் கூடத்தில் அறைச் சாவிக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும் சோபாவில் உட்கார்ந்தார். அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதைப் பார்த்த மற்றவர்கள் வெளியே வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். படியில் இடம் போதவில்லை. சோபா மட்டும் கடையிலிருந்து இறக்கிய மேனிக்குக் கறை படாமல் இருக்கிறது. போட்ட பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது ஒரு முதலாளியின் நியாயமான கவலை. அந்தக் கவலை உங்களுக்கு இனி வேண்டாம்.

சோபாவுக்கு இரண்டு பக்கமும் சிவப்பு ரெக்ஸின் போட்ட முட்டை நாற்காலிகள் நிற்கின்றன. நல்ல வம்சத்துப் பிள்ளைகள் அவை. டென்மார்க்கின் ஆர்னே யாகப்சன் 1958இல் வரைந்த நாற்காலி அது. கோபன்ஹேகனில் 1960இல் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஓட்டலுக்காகவே வரைந்தார். கட்டடம், கதவுக் கைப்பிடி, சாப்பாட்டு மேசையின் கரண்டி வரைக்கும் அவர் கைப்பட வரைந்தது. பெரிய கூடத்தில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் மறைவு கிடைக்கட்டும் என்று, இரண்டு கன்னத்தையும் அணைக்கிற மாதிரி முதுகை உயர்த்தி வளைத்தார். குளிர் நாட்டில், பெரிய கூடத்தில் உட்காரும் பயணிக்காகச் செய்தது. அந்த ஓட்டலில் 606ஆம் எண் அறையை மட்டும் அவர் அமைத்த கோலத்திலேயே இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். அப்பேர்ப்பட்ட நாற்காலியின் நகலைத் திருச்செந்தூர்க் கடற்காற்றுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சின்னக் காரியமில்லை. சித்திரை மாசத்தில் மின்சாரம் நின்ற அரை மணி நேரத்தில் ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது சட்டை முதுகோடு ஒட்டி வந்தது. யாகப்சன் தன் ஊருக்கு எதை யோசித்தாரோ, அதை அப்படியே, ஓர் அங்குலமும் மாற்றாமல் நீங்கள் நம் ஊருக்கும் நிறைவேற்றியிருக்கிறீர்கள்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பத்தமடைப் பாய் மாட்டியிருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரையை அறுத்து, காயவைத்து, ஆற்று நீரில் ஊறப்போட்டு, நூல் நூலாகக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்து நெய்கிற பாய். நுட்பமான பாய் பட்டுத் துணிபோல மடியும். உடம்புச் சூட்டை வாங்கி வெளியே விடும், வியர்வை ஒட்டாது. பத்தமடையின் பெண்கள் குனிந்த முதுகோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்வது. அதன் அருமை தெரிந்துதான் யாரும் தொடாதபடி கண்ணாடிக்குள் வைத்திருக்கிறீர்கள். அறையில் ஒரு பாய் கேட்டேன். இல்லை என்றார்கள். ஓட்டலில் இருப்பது அந்த ஒன்றுதான்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் புகழ்ந்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அவன் வேல்கள் மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் புதுசாக இருந்தன. அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. ஔவையார் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நானும் இந்தக் கடிதத்தில் பொய் கலக்கவில்லை.

இனி அறைக்கு வருகிறேன். கந்த சஷ்டிக்கு அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு வந்து உங்கள் ஓட்டலில்தான் தங்கினோம். அறை 12 அடிக்கு 10 அடி. கட்டில் ஆறரை அடிக்கு ஆறடி. இந்தப் பக்கம் ஒன்றரை அடி, அந்தப் பக்கம் ஒன்றரை அடி என்று இரண்டு பக்க மேசைகள். பத்தடிச் சுவரில் ஒன்பது அடி போயிற்று. கால்மாட்டில் மிஞ்சியது ஐந்தடிக்குச் சற்று அதிகம். அதில் டிவிக்குக் கீழே எழுது மேசை ஒன்றரை அடி. மீதியில் ஒற்றைச் சோபாவும் வட்டக் கண்ணாடி டீப்பாயும். ஓர் அங்குலத்தையும் வீணாக்காமல் நிரப்பியிருக்கிறீர்கள். காசுக்கு மதிப்புத் தர வேண்டும் என்ற எண்ணம் அந்த அறையில் எங்கே திரும்பினாலும் முட்டியில் படுகிறது.

சஷ்டிக்கு வருகிறவர்கள் ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள். அவர்களில் பாதிப் பேர் கட்டிலில் படுக்க மாட்டார்கள், தரையில் பாய் விரித்துப் படுப்பதுதான் அவர்கள் ஒழுங்கு. கோயில் வளாகத்திலேயே தங்கிவிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். வயசானவர்களும் நோயாளிகளும்தான் கழிவறை வசதிக்காக அறை எடுக்கிறார்கள். ஓர் அறையில் அம்மா, சித்தி, அத்தை, பேத்தி என்று நான்கைந்து பேர். கட்டிலை நகர்த்திச் சுவரோடு ஒட்டினால் இடம் கிடைக்கும் என்று நானும் அறைப் பையனும் பிடித்துத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. தலைமாட்டுப் பலகை சுவரோடு திருகப்பட்டிருக்கிறது, பக்க மேசைகள் அந்தப் பலகையோடு திருகப்பட்டிருக்கின்றன. அத்தனை உறுதி. அம்மா ஆறு இரவும் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தில் ஒருக்களித்துப் படுத்தாள். புரண்டு படுக்க முடியாது. சித்தி குளியலறை வாசலில் படுத்தாள். சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்து அதே சந்தில்தான் படுத்தார்கள். கட்டிலின்மேல் பைகளும் தேங்காய் பழத் தட்டும் உடன்குடிக் கருப்பட்டிப் பொட்டலமும் தாராளமாக இருந்தன. பை வைக்கத் தனியாக ஓர் இடம் அறையில் வைக்காததால் அந்த அகலக் கட்டில் எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது.

தலைமாட்டுப் பலகையைப் பற்றி ஒரு வரி. கூரைக்குப் பாதி உயரம், வெளிர் சந்தன நிறத் துணி, இடையிடையே பித்தளைக் குமிழ். நம் சனம் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறு கிடைக்காது. துணியைக் கழற்றித் துவைக்க வழியும் வைக்கவில்லை. கால்மாட்டில் குறுக்கே போட்டிருந்த சாட்டின் துணியையும் ஆறு திண்டுகளையும் வந்தவுடன் எடுத்து அலமாரிக்குமேல் அடுக்கினோம். எல்லா அறையிலும் அங்கேதான் இருக்கின்றன.

அலமாரியைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் முதலில் கடலில் முழுகுவார்கள், பிறகு நாழிக்கிணற்றில் குளிப்பார்கள். ஈர வேட்டியோடும் ஈரப் புடவையோடும்தான் அறைக்கு வருவார்கள். மொட்டை போட்ட பிள்ளையின் ஈரத் துண்டு வேறு. அந்த ஊரில் ஓட்டல் அறை என்றால் முதல் தேவை துணி காயப்போட ஒரு கொடி, சுவரில் நாலு கொக்கி. அறையின் அழகுக்கு ஒவ்வாது என்று நீங்கள் இரண்டையும் வைக்கவில்லை. அழகு விஷயத்தில் அத்தனை கண்டிப்பு. ஈரத் துணி எங்கே போகும்? அலமாரிக் கதவின்மேல் போகிறது, நாற்காலி முதுகில் போகிறது, எழுது மேசையின் விளிம்பில் போகிறது.

அந்த அலமாரி பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பலகை, மேலே மெல்லிய மைக்கா. பார்க்கப் பர்மா தேக்கின் வரி அப்படியே இருக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத ஒன்றை விலை குறைவாக வாங்குவது வியாபாரத்தில் கெட்டிக்காரத்தனம். அதை நான் முழு மனசோடு ஒப்புக்கொள்கிறேன். விளிம்புப் பட்டை பெயர்ந்த இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்கினால் சில்லுகள் ஊறி உப்பும். ஒருமுறை உப்பினால் காய்ந்தாலும் பழையபடி அடங்காது. எங்கள் அறை அலமாரியின் அடிப்பக்கம் அப்படித்தான் இதழ் இதழாகப் பிரிந்திருந்தது. கடற்காற்றின் உப்பில் கீல் துருப்பிடித்து இறுகியிருந்தது. யாரோ பலமாக இழுத்ததில் திருகாணி பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. திருகாணி ஏறிய ஓட்டை பொடிந்துபோனால் அதே இடத்தில் இன்னொரு ஆணி நிற்காது. ஓட்டல் திறந்து முழுசாக இரண்டு வருஷம் ஆகவில்லை.

கடல் பக்கத்து ஊர்களுக்குத் தோதாக ஐ.எஸ். 710 முத்திரை போட்ட பிளைவுட் கிடைக்கிறது. கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதித்தும் அடுக்குப் பிரியாமல் நின்றால்தான் அந்த முத்திரை. துருப்பிடிக்காத எஃகில் கீல் கிடைக்கிறது. அது எதையும் தேடி அலைந்து நேரத்தைச் செலவிடாமல் வேலையைக் குறித்த நாளில் முடித்தீர்கள். திறப்பு விழா முகூர்த்தம் தப்பவில்லை.

தேக்கு நாற்காலியின் கால் ஆடினால் ஆசாரி வந்து பொருத்தைக் கழற்றி, ஆப்பு வைத்து, பசை போட்டு இறுக்கிவிட்டுப் போவார். பிரம்பு அறுந்தால் பின்னிக் கொடுப்பார்கள். நாடாக் கட்டிலில் நாடா தளர்ந்தால் மத்தியானத்துக்குள் மாற்றிவிடலாம். அதியமானின் வேல் கொல்லன் பட்டறையில் கிடந்தது என்றால், திருத்தி மறுபடி எடுக்க முடியும் என்றுதானே அர்த்தம்? உங்கள் ஓட்டல் சாமான் எதுவும் எந்தப் பட்டறைக்கும் போவதில்லை. பின்கட்டில் வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் உப்பிய கதவுகளும் கால் போன மேசைகளும் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார்கள். ஆள் வைத்துப் பழுதுபார்க்கும் செலவு உங்களுக்கு ஒரு காசு இல்லை. அடுத்த கண்டெய்னருக்குச் சொல்லியிருப்பதாக மேனேஜர் சொன்னார்.

அறை துப்புரவு செய்கிற பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். கட்டில் நாலு பக்கமும் பெட்டிபோலத் தரையோடு அடைத்திருப்பதால் அடியில் கூட்ட வேண்டிய வேலை இல்லை என்றார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கட்டிலின் அடி விளிம்பு கால் வைக்க இடம் விடாமல் வெளியே நீண்டிருப்பதால் விரிப்பை மாட்டும்போது தள்ளி நின்று எட்டிக் குனிய வேண்டும். 8 அங்குல மெத்தையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிப்பின் ஓரத்தைச் செருக வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு கட்டில். சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். கண்ணாடி டீப்பாயில் விரல் ரேகை இருந்தால் சூப்பர்வைசர் ஏசுகிறார். ஓட்டலில் கண்ணாடி பளபளவென்றுதான் இருக்கிறது. அந்தப் பளபளப்பை உங்கள் தேர்வுக்குக் கிடைத்த பெருமையாக எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு உயர்ந்த முதுகும் வெல்வெட் இருக்கையும் உள்ள நாற்காலிகள் வாங்கியிருக்கிறீர்கள். சாம்பாரும் ரசமும் பரிமாறுகிற இடத்தில் வெல்வெட் போடுகிற துணிச்சல் எல்லோருக்கும் வராது. ஒன்றைப் பின்னால் இழுக்க இரண்டு கை வேண்டும். பந்தி முடிந்து எழுகிற பெரியவர் நாற்காலியை நகர்த்த முடியாமல் பக்கவாட்டில் நெளிந்து வெளியே வருகிறார். அந்தக் காலக் காப்பிக் கடைகளில் வளைந்த முதுகும் வட்ட இருக்கையுமாக ஒரு மர நாற்காலி இருக்குமே, ஒரு விரலால் தூக்கலாம். மிஷேல் தோனெட் 1859இல் செய்தது அதன் மூதாதை. நீராவியில் வளைத்த ஆறு துண்டு மரம், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான் நாற்காலி. 36 நாற்காலிகளைப் பிரித்து ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் அடுக்கி உலகம் முழுக்க அனுப்பினார்கள். நனைந்தால் துடைக்கலாம், ஆடினால் திருகலாம். பின்னல் இருக்கை என்பதால் உட்காரும் இடத்துக்குக் கீழே காற்றோட்டமும் உண்டு. நூற்று அறுபது வருஷத்துக்கு மேலாக எல்லோரும் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன ஒரு நாற்காலியை விட்டுவிட்டு, யாரும் உட்கார்ந்து பார்க்காத ஒன்றைத் துணிந்து எடுத்தீர்கள்.

யாரும் உட்கார்ந்து பார்க்காதது என்று சொன்னது ஒரு வேகத்தில் சொன்னதல்ல. எல்லா அறைக்கும் சாமான் சொல்லுமுன் ஓர் அறையை மட்டும் முழுசாக அமைத்துப் பார்ப்பது ஓட்டல் கட்டுகிறவர்களின் வழக்கம். அந்த மாதிரி அறையை நீங்களும் அமைத்தீர்கள். நீங்கள், உங்கள் மகன், இன்டீரியர் செய்த தம்பி, ஆடிட்டர், நாலு பேரும் வாசலில் நின்று பார்த்தீர்களாம். விளக்கைப் போட்டும் அணைத்தும் பார்த்தீர்களாம். திரைச்சீலையின் நிறத்தை மட்டும் மூன்று முறை மாற்றினீர்களாம். செருப்புத் தடம் விரிப்பில் படக்கூடாது என்று உள்ளேகூடப் போகவில்லை. இவ்வளவு கவனமாகப் பார்த்த ஓர் அறையில் ஒருத்தரும் ஒரு ராத்திரி படுக்கவில்லை. உங்கள் வீட்டு ஆச்சியை அழைத்துவந்து கட்டிலில் ஏறி இறங்கச் சொல்லவில்லை. ஈர வேட்டியோடு உள்ளே வந்து அதை எங்கே போடுவது என்று ஒருத்தரும் திகைத்து நிற்கவில்லை. புகைப்படக்காரர் மட்டும் உள்ளே போனார், ஒரு பகல் முழுக்க இருந்தார். அவருக்கு அந்த அறையில் ஒரு குறையும் தென்படவில்லை. தங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் எடுத்த படத்தைத்தான். படத்தில் அறை நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும் உங்கள் தேர்வில் வராதது. ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுக்குக் கீழே ஆறேழு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. வெளுத்த நீலம், கை வைத்தது, 17 அங்குல உயரம். அறையில் கொடுத்திருக்கும் சாமான் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் சாவி வாங்கிய கொஞ்ச நேரத்தில் ஒவ்வோர் அறையிலிருந்தும், "தம்பி, ஒரு சேர் இருந்தா குடுப்பா" என்று குரல் வருகிறது. அம்மா குளியலறையில் ஒன்றைப் போட்டு உட்கார்ந்து குளித்தாள், வெளியே வந்து அதன் முதுகிலேயே ஈரப் புடவையைக் காயப்போட்டாள். விரதம் முடித்த பெண்கள் தாழ்வாரத்தில் அவற்றை வரிசையாகப் போட்டு உட்கார்ந்து, கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஓட்டலில் சனங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருந்ததை நான் அந்த ஓர் இடத்தில்தான் கண்டேன். யார் வாங்கியது என்று விசாரித்தேன். வந்தவர்கள் கேட்டுக் கேட்டு நச்சரித்ததால், மேனேஜர் யாரிடமும் கேட்காமல் பஜாரில் வாங்கிப் போட்டதாம். பில் உங்கள் மேசைக்கு வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டீர்களாம். அண்ணாச்சி, அந்தக் கையெழுத்துக்கு என் அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அடுத்த கண்டெய்னரில் என்னென்ன வரப்போகிறது என்று மேனேஜரிடம் இன்னொரு முறை கேட்டுவிட்டு ஆர்டரில் கையெழுத்துப் போடுங்கள்.